எட்டாம் நாள் அக்கா

பஸ்ஸில் எதிர் இருக்கையில் நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டிய ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டால், அதற்குமேல் அக்காவுக்கு ஜன்னல் பக்கம் பார்வை போகாது. முதலில் பிளாஸ்திரியின் ஓரத்தைப் பார்ப்பார். பிறகு அதைச் சுற்றித் தோல் சிவந்திருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார். மூன்றாவது நிறுத்தம் வருவதற்குள் வாயைத் திறந்துவிடுவார்.

"என்னைக்குப் போட்டாங்க தையல்?"

"செவ்வாக்கிழமைங்க."

"முகத்துக்கு அஞ்சு நாள் போதும். அப்ப ஞாயித்துக்கிழமை பிரிக்கணும். ஞாயித்துக்கிழமை யார் பிரிப்பா?"

அந்த மனிதர் அதுவரை அதைப் பற்றி யோசித்திருக்க மாட்டார். அக்காவோ அவர் இறங்கும் இடத்தில் தானும் இறங்கி, மருந்துக் கடையில் விசாரித்து, ஞாயிறன்று திறந்திருக்கும் ஆஸ்பத்திரிக்கு வழி எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ் பிடித்து, போக வேண்டிய இடத்துக்கு முக்கால் மணி நேரம் தாமதமாக வந்து சேருவார். அங்கே அவருக்காகக் காத்துக் கால் கடுத்தவன் நான். ஒருமுறை அல்ல, பலமுறை.

எங்கள் சபையில் அவரை எல்லோரும் 'எட்டாம் நாள் அக்கா' என்றுதான் சொல்கிறோம். வயிற்றிலோ இடுப்பிலோ போட்ட தையலை எட்டாம் நாள் பிரிக்க வேண்டும் என்பது அவர் வாயில் வாரத்துக்கு நாலு தடவையாவது வந்துவிடும். வயது அறுபத்து மூன்று. முப்பத்தொரு வருஷம் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். ஒல்லியான உடம்பு, ஒட்ட வெட்டிய நகங்கள், எதையோ மறந்துவிட்டு வந்தவரின் நடை. பேசும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைவிடக் கையையும் காலையும்தான் அதிகம் கவனிப்பார். எனக்கு இடது கை நடுவிரலில் ஒரு பழைய தழும்பு இருப்பது என் மனைவிக்கே தெரியாது. அக்காவுக்குத் தெரியும்.

அவருடைய வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். நிதானமான மனிதர். "இருபத்தெட்டு வருஷமா மேலயும் கீழயும் போற சாமானை நிறுத்திக் காட்டுறதுதான் என் பொழப்பு. வீட்ல ஓடுறதை மட்டும் நிறுத்த முடியல" என்பார். அக்காவின் காதில் விழும்படிதான் சொல்வார். அக்கா அதற்குள் அடுப்பைத் துடைத்து, துடைத்த துணியைத் துவைத்து, துவைத்ததைக் காயப்போட்டுவிட்டு, ஏற்கெனவே காய்ந்திருந்ததை மடித்துக்கொண்டிருப்பார். அக்கா தனக்குப் போட்டு வைத்த டீ மேசையில் ஆறிப்போய்க் கிடக்கும். வீட்டுக்காரர்தான் அதையும் சேர்த்துக் குடிப்பார்.

ஒரே மகள். இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். அவளுடைய முதல் பிரசவத்தின்போது அக்கா கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கொட்டகையில் யாரோ ஒருவரின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். குழந்தை பிறந்து மூன்றாம் நாள்தான் வந்து பார்த்தார். மகள் அன்றைக்குச் சண்டை போடவில்லை. இந்த வருஷம் இரண்டாவதாக உண்டானபோது ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் எட்டாம் நாள் வச்சிருக்கே, எனக்கு ஒரு நாள் இருப்பியாம்மா?"

அக்கா, "இருப்பேன்டி" என்றார். நான் அப்போது அங்கே இருந்தேன். அதைச் சொல்லும்போது அவர் கை மகளின் வீங்கிய பாதத்தை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது.

கொட்டகை என்றேனே, அந்தக் கதையைச் சொல்லாமல் அக்காவைச் சொல்ல முடியாது. அதில் எனக்கும் பங்கு உண்டு. பெருமைப்படும்படியான பங்கு இல்லை.

எட்டு வருஷத்துக்கு முன் எங்கள் சபை முதல் முறையாக ஒரு மருத்துவக் குழுவைக் கடல் தாண்டி அனுப்பியது. பதினான்கு பேர். இரண்டு டாக்டர்கள், நாலு நர்ஸ்கள், மற்றவர்கள் பெட்டி தூக்க, சமைக்க, ஜெபிக்க. நான் பெட்டி தூக்கும் கூட்டம். மருத்துவரே இல்லாத ஒரு கடலோரக் கிராமம். பள்ளிக்கூடத்தை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். ஆறு நாள் அறுவை சிகிச்சை. குடலிறக்கம், கட்டி, வருஷக்கணக்கில் ஆறாமல் கிடந்த புண். நாற்பத்தொரு பேர். ஏழாம் நாள் காலையில் பள்ளிக்கூட வாசலில் நின்று எல்லோருமாக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு விமானம் ஏறினோம். சபையில் எங்களுக்குப் பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள்.

அறுவை முடிந்து போகிறவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டுக் கொடுத்திருந்தோம். சீட்டைத் தயாரித்தவர் அக்கா. அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் முப்பது வருஷமாகக் கொடுத்துவரும் அதே சீட்டுத்தான். காயத்தை நனைக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, எட்டாம் நாள் இதே இடத்துக்கு வந்து தையல் பிரித்துக்கொள்ள வேண்டும். நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவன். அந்தச் சீட்டை இரண்டு முறை படித்துச் சரிபார்த்தது நான்தான். ஓர் எழுத்துப் பிழை இல்லை. அந்த ஊர் மொழியிலும் சுத்தமாகப் பெயர்த்து அச்சடித்தோம்.

முதல் நாள் அறுவை செய்துகொண்ட ஏழு பேரும் எட்டாம் நாள் அதே இடத்துக்கு வந்தார்கள். நாங்கள் விமானம் ஏறியது அதற்கு முந்தின நாள்.

பூட்டிய வகுப்பறை வாசலில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். மறுநாள் இரண்டாம் நாளைய ஆட்கள் வந்தார்கள். முந்தின நாள் வந்த ஏழு பேரும் திரும்ப வந்தார்கள், தாங்கள்தான் நாளைத் தப்பாக எண்ணிவிட்டோமோ என்று. இப்படி ஒவ்வொரு நாளும் கூட்டம் ஏறிக்கொண்டே போய், ஆறாவது நாள் தாழ்வாரம் முழுக்க நிறைந்துவிட்டது. அந்தப் படம் எங்களுக்கு வந்தது. வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். முகத்தில் கோபம் இல்லை. ஆளுக்கொரு சீட்டு, எங்கள் எழுத்துப் பிழையில்லாத சீட்டு, மடியில்.

படத்தை அனுப்பியவர் அந்த ஊரில் நார்ப்பை பின்னும் பெண்களுக்குத் தலைவி. எங்கள் பக்கத்தில் சில வருஷம் வீட்டு வேலை பார்த்தவர், அதனால் எங்கள் மொழி பேசுவார். விமானத் திடல் இருக்கும் இடத்தில்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். அதுவரை போய் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு வரி: "இவங்கள வீட்டுக்குப் போகச் சொல்லட்டுமா, இருக்கச் சொல்லட்டுமா?" அந்தப் பெண்தான் அலைந்து திரிந்து, ஒரு நாள் படகுப் பயணத் தூரத்தில் இருந்த சுகாதார ஊழியரைக் கூட்டிவந்து தையல்களைப் பிரிக்க வைத்தார். அதற்குள் நாலைந்து பேர் தாங்களே பிளேடால் கிழித்துச் சீழ் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வருஷம் அக்கா அங்கே போய் இறங்கியதும் ஒரு மூட்டை தூக்குகிறவர் வந்து சட்டையைத் தூக்கிக் காட்டினார். துறைமுக வேலைக்குப் போய்விட்டதால் சுகாதார ஊழியர் வந்தபோது அவர் ஊரில் இல்லை. நைலான் நூல் ஒரு வருஷமாக உடம்பிலேயே இருந்தது. முடிச்சுகளின் மேல் தோல் வளர்ந்து மூடியிருந்தது. ஏன் வேறு எங்காவது எடுத்துக்கொள்ளவில்லை என்று தலைவி மூலமாகக் கேட்டார் அக்கா.

"சீட்டுல இந்த இடம்னு இருந்துச்சாம். எப்படியும் வருவீங்கன்னு இருந்தேங்கிறாரு" என்றார் தலைவி.

அக்கா ஒவ்வொரு முடிச்சாக எடுக்க ஒன்றரை மணி நேரமானது. அந்த ஊர் மொழியில் அவர் முதலில் கற்றுக்கொண்ட சொல் 'மன்னிச்சிருங்க' என்பதுதான். அதை எனக்கும் சொல்லிக்கொடுத்தார். எனக்கு உச்சரிப்பு வரவில்லை.

அந்த வருஷத்திலிருந்து குழு திரும்பினாலும் அக்கா திரும்புவதில்லை. பை பின்னும் பெண்களின் கொட்டகையில் ஒரு மூலையைத் திரை கட்டி மறைத்துக்கொண்டு, கடைசி ஆளின் எட்டாம் நாள்வரை அங்கேயே இருந்து, தையல்களைப் பிரித்துவிட்டுத் தனியாக வருவார். வரும்போது அவருடைய துணிகள் ஒரு சின்னப் பையில் இருக்கும். பெட்டி நிறைய நார்ப்பைகள் இருக்கும்.

அந்தப் பைகளை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலில் மேசை போட்டு விற்பார். இடையில் தரகர் கிடையாது, பின்னியவர்கள் சொன்ன விலை அப்படியே அவர்களுக்குப் போகும். 'நியாய வணிகம்' என்று அட்டையில் எழுதி வைத்திருக்கிறோம். உள்ளே இரக்கத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கம் கேட்டுவிட்டு வெளியே வந்து பைக்குப் பேரம் பேசும் ஆட்கள் எங்கள் சபையில் நிறைய.

"கொஞ்சம் குறைச்சுக் குடுங்கக்கா."

"விலை அவங்க வச்சது. நான் யாரு குறைக்க? சொன்ன நாளைக்குச் சொன்ன எண்ணிக்கை பின்னிக் குடுக்கிறாங்க, ஒரு நாள் பிந்தினதில்ல. நம்மளால அப்படி ஒண்ணு சொல்ல முடியுமா, சொல்லுங்க."

வாங்க வந்தவருக்கு எதற்கு இந்தக் கேள்வி என்று புரியாது. பையை வாங்கிக்கொண்டு நழுவிவிடுவார். பக்கத்தில் நின்று சில்லறை கொடுக்கும் எனக்குப் புரியும்.

இந்த வருஷம் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு குழுவின் கூட்டம் நடந்தது. பெரிய டாக்டர் நல்ல மனிதர். வலிக்காமல் பேசத் தெரிந்தவர். இந்த முறை எல்லோருக்கும் கரையும் நூல் போடலாம் என்றார். "தையலே பிரிக்க வேணாம்கா. நீங்க எதுக்கு அங்க ஒத்தையா கிடக்கணும்? பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க. ஒண்ணுன்னா உங்க வீட்ல நாங்க என்ன பதில் சொல்றது?"

"நூல் கரையும் டாக்டர். காயம் சீழ் வச்சா?"

"அதுக்குத்தான் சுகாதார ஊழியர் இருக்காரே."

"ஆண்டவர் பார்த்துக்குவார்மா" என்று முடித்துவைக்கப் பார்த்தார் போதகர்.

"பார்த்துக்குவார் ஐயா. கத்தரிக்கோலை நம்ம கையிலதானே குடுத்திருக்கார்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் டாக்டர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்று அக்காவுக்கும் தெரியும். கூட்டம் நடந்த அறையில் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நாலைந்து நடை நடந்தார். மகளின் பிரசவத்துக்குக் குறித்துக் கொடுத்திருந்த தேதி, குழு அங்கிருந்து கிளம்பும் நாளிலிருந்து பத்தாம் நாள். கடைசியில் "சரி" என்றார். அந்தச் சொல்லை அவ்வளவு சீக்கிரம் அவரிடமிருந்து யாரும் எதிர்பார்க்கவில்லை. மகளிடம் போய் அன்றைக்கே சொன்னார். மகள் நம்பவில்லை, திரும்பும் டிக்கெட்டை வாங்கிப் பார்த்த பிறகுதான் நம்பினாள். அன்று அவள் அம்மாவுக்கு டீ போட்டுக் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாளாம்.

சீட்டைப் புதிதாக எழுதினோம். எட்டாம் நாள் வரி போய்விட்டது. அந்த இடத்தில் 'நூல் தானாகக் கரைந்துவிடும், யாரும் பிரிக்க வேண்டியதில்லை' என்று வந்தது. இந்த முறை நான் பிழையை மட்டும் பார்க்கவில்லை. வரி வரியாக உரக்கப் படிக்கச் சொல்லி அக்கா என் உயிரை வாங்கினார். படித்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது.

அங்கே போனதும் ஐந்து நாள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஆறாம் நாள் காலையில் பட்டியலில் நாலு பேர்தான் இருந்தார்கள். செய்தி கேட்டுப் பக்கத்துத் தீவிலிருந்து ஒரு படகு நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். பெரிய டாக்டரால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. அவர் குணம் அது. மத்தியானத்துக்குமேல் கரையும் நூல் தீர்ந்துபோயிற்று. பெட்டியின் அடியில் நைலான் நூல் இருந்தது. கடைசி ஐந்து பேருக்கு அதைத்தான் போட்டார்கள்.

"சுகாதார ஊழியர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்" என்றார் டாக்டர், கையைக் கழுவிக்கொண்டே.

தலைவி திரும்பிப் பார்த்தார். "அவருக்கு மாத்தல் வந்து நாலு மாசம் ஆச்சே டாக்டர். புது ஆள் இன்னும் வரல. உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அக்கா ஐந்து சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவால் நூல் கரைந்துவிடும் என்ற வரியை அடித்தார். அடித்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைக் கையில் பிடித்தபடி நின்றார். படுக்கையில் கிடந்த ஒரு பெண், மீன் உலர்த்துகிறவள், வயிற்றில் புதுத் தையலோடு தலையை மட்டும் திருப்பி ஏதோ கேட்டாள். அவள் கேட்டதைத் தலைவி சொன்னார்: "நாங்க எந்த நாள் வரணும்னு கேக்குறா."

அக்கா பேனாவை மூடினார். தட்டுகளைக் கழுவப் போனார். கழுவியதையே மறுபடி கழுவினார். இடுக்கிகளை அடுக்கினார், கலைத்தார், அடுக்கினார். தலைவி தானே பிரித்துவிடுவதாகச் சொன்னார். பின்னுகிற கைதானே, நூலை வெட்டத் தெரியாதா என்றார். "நூலை வெட்டத் தெரியும்மா. அஞ்சுல ஒண்ணு உள்ள சீழ் கட்டியிருந்தா அது உனக்குத் தெரியாது. எனக்கே சில நேரம் தெரியாது" என்றார் அக்கா. சாயங்காலம் கடற்கரையில் அவர் போவதும் வருவதுமாக இருந்ததைப் பார்த்துக்கொண்டு நான் படியில் உட்கார்ந்திருந்தேன். என் பக்கமாக வந்தபோது கணக்குச் சொன்னார்: குழு கிளம்பியபின் ஆறு நாள் இங்கே, ரெண்டு நாள் பயணம், மகளுக்கு முன்னால் மிச்சம் ரெண்டே ரெண்டு நாள்.

"ரெண்டு நாள் இருக்கேக்கா" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"ஏன் தம்பி, குழந்தை என்ன சீட்டுப் பார்த்துக்கிட்டா பொறக்கும்?" என்றார். குரலில் எரிச்சல் இருந்தது. எனக்கும் எரிச்சலாக இருந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

மறுநாள் காலை போட்டோ எடுத்தோம். அக்காவும் நின்றார். வேனில் பெட்டிகளோடு தலைவியும் ஏறிக்கொண்டார். விமானத் திடலில் ஒரு தகரக் கூரை, ஒரு மேசை, எடை பார்க்கும் கருவி, அவ்வளவுதான். போனில் சிக்னல் கோடு தெரிந்ததுமே அக்கா கூரைக்கு வெளியே வெயிலில் போய் நின்று மகளைக் கூப்பிட்டார். அவர் பேசியது மட்டும் எங்களுக்குக் கேட்டது.

"சாப்பிட்டியா? கால் வீக்கம் வத்துச்சா? ம். குழந்தை அசையுதா நல்லா? ம்." பிறகு வெயிலிலேயே இரண்டு நடை நடந்தார். "அஞ்சு பேருடி." அந்தப் பக்கம் மகள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், அல்லது எதுவுமே சொல்லாமல் இருந்தாள். அக்கா போனைக் காதிலிருந்து எடுத்து, அணைந்துவிட்டதா என்று பார்த்து, முந்தானையால் திரையைத் துடைத்தார்.

எங்கள் செயலாளர் பதினான்கு பாஸ்போர்ட்டையும் ஒரே கட்டாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்துக்கொண்டு மேசையருகே வரிசையில் நின்றிருந்தார். அக்கா அவரிடம் போய்க் கையை நீட்டினார். அவர் என்ன ஏது என்று கேட்காமல் கட்டைக் கொடுத்தார். அக்கா ரப்பர் பேண்டைக் கழற்றி, தன்னுடையதைத் தேடி உருவிக்கொண்டு, மற்ற பதின்மூன்றையும் ஓரம் தட்டி ஒழுங்காக அடுக்கி, ரப்பர் பேண்டை இரண்டு சுற்றாகப் போட்டு, கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, அவரிடம் திருப்பிக் கொடுத்தார்.